இடக்கைக்காரனுக்கு பொயின்ட் 22 ஸ்டொக்: எந்த மரம், முதலில் எதை வெட்டுவது?

இடக்கை_வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். நான்கு வருடமாக ஒரு கிளப்பில் 50 மீற்றர், படுத்துச் சுடும் பிரிவு. ரைபிள் பழைய ஜெர்மன் பொயின்ட் 22, போல்ட் அக்ஷன், ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போடுவது. அனுமதிப்பத்திரம் என் பெயரில், வருடா வருடம் புதுப்பிக்கிறேன். துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையில்தான் இருக்கிறது.

பிரச்சினை, நான் இடக்கை. ஸ்டொக், அதாவது துப்பாக்கியைத் தாங்கும் மரப்பாகம், வலக்கைக்காரருக்காகச் செய்தது. கன்னம் வைக்கிற மேடு இடப்பக்கத்தில் இருக்கிறது, எனக்கு வேண்டியது வலப்பக்கத்தில். பிடியில் உள்ளங்கைக்கு என்று விட்டிருக்கும் புடைப்பும் எனக்கு எதிர்ப்பக்கம்தான். இதுவரை கன்னத்துக்கு ஒரு ஸ்பொஞ்சுத் துண்டை டேப் சுற்றி ஒட்டிச் சமாளித்து வந்தேன். முதல் 20 சூடு ஒழுங்காகப் போகும், 40ஐத் தாண்டினால் கழுத்து இறுகி, தலை மெல்ல உருண்டு, துளைகள் ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கிவிடும். பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர், அதில் கழுத்துக்குக் கொடுக்க எனக்கு ஒரு மில்லிமீற்றரும் மிச்சம் இல்லை.

வெளிநாட்டு இடக்கை ஸ்டொக்குக்கு விலை கேட்டேன், என் கைக்கு எட்டாது. அப்பா தச்சு வேலை செய்தவர், அவரோடு நின்று கட்டில், அலமாரி, கதவு எல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் வளைந்த சாமான் எதையும் தொட்டதில்லை. அவர் போய் ஆறு வருடம். அவருடைய உளிகள் இருக்கின்றன, கட்டிலுக்குக் கீழே ஒரு முதிரைப் பலகையும் இருக்கிறது: 4 அடி நீளம், 9 அங்குலம் அகலம், ஒரு அங்குலம் தடிப்பு. நான் சிறுவனாக இருந்தபோதே அது அங்கேதான் கிடந்தது. அந்தப் பலகையில்தான் ஸ்டொக் செய்ய வேண்டும் என்று ஒரு ஆசை.

என் கேள்விகள். முதிரை சரிவருமா, இல்லையென்றால் கொழும்பில் கிடைக்கும் எந்த மரம்? வெளி வடிவத்தை முதலில் எடுப்பதா, அக்ஷன் (போல்ட்டும் ட்ரிகரும் இருக்கும் இரும்புப் பாகம்) உட்காரும் குழியை முதலில் வெட்டுவதா? மொரட்டுவையில் தெரிந்த தச்சர் ஒருவர் இருக்கிறார், துப்பாக்கியையே அவரிடம் கொண்டு போய்க் காட்டி அளவு எடுக்கச் சொல்லலாமா?

ஐம்பது_மீற்றர்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொண்டு போகாதீர்கள். 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிற சட்டம். உங்கள் பெயரில் உள்ள அனுமதி உங்கள் கைக்குத்தான், தச்சரின் பட்டறைக்கு இல்லை. அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், "ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றாலும் அவர் கையில் அது இருக்கக்கூடாது, உங்களோடு சேர்ந்து அவரும் மாட்டிக்கொள்வார். மரம் மட்டும் பட்டறைக்குப் போகட்டும். இரும்பு கிளப்பை விட்டு வெளியே வர வேண்டாம். குழியைப் பொருத்திப் பார்க்கும் கடைசிக்கட்ட வேலை முழுவதையும் கிளப்பிலேயே, ஆயுத அறைப் பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். ஸ்டொக் மாற்றப் போகிறேன் என்று கிளப்புக்கு முன்கூட்டியே ஒரு கடிதமும் கொடுத்து வையுங்கள்.

தச்சருக்கு அளவு காட்ட ஒரு பொம்மை அக்ஷன் போதும். வேர்னியர் வைத்து அக்ஷனின் விட்டம், நீளம், இரண்டு ஸ்குரூவுக்கும் இடையிலான தூரம், ட்ரிகர் பெட்டியின் அளவு எல்லாம் எடுத்து, அதே அளவில் ஒரு உருளைக் கட்டையைக் கடைசல்காரரிடம் கடைந்து எடுங்கள். குழலுக்கு ஒரு பிவிசி பைப் பொருந்தும்.

அடுத்தது உடம்பு அளவு. மரத்தைப் பற்றி ஏழு வரி எழுதியிருக்கிறீர்கள், உங்கள் உடம்பைப் பற்றிக் கழுத்து இறுகுகிறது என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. 60 சூடு முடியும்வரை தலையைத் தசை பிடித்து வைத்திருக்கக்கூடாது, எலும்பும் ஸ்டொக்கும் சேர்ந்து தாங்க வேண்டும். ஆகவே நல்ல மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு மாதிரி செய்யுங்கள். மரக்கடையில் லுணுமிதெல்ல என்று கேட்டால் தருவார்கள், நாங்கள் மலைவேம்பு என்கிற மரம்தான். பாரம் இல்லை, விலையும் குறைவு, உளி வெண்ணெய் மாதிரி இறங்கும். அதில் ஒரு முரட்டு ஸ்டொக்கை வெட்டி, பிடியிலும் கன்னத்திலும் பிளாஸ்டிசின் அப்பி, சூட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படுத்துப் பாருங்கள். ஜாக்கெட் இல்லாமல் எடுத்த அளவு அளவே இல்லை, அந்தத் துணியின் தடிப்பே தோளில் அளவை மாற்றிவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு ஸ்டொக்கைத் தோளில் வைத்து, கன்னத்தை முழுப் பாரத்தோடு இறக்கி, இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். பின் பீப் வளையத்தின் (குறி பார்க்கும் பின் சைட்டின் சின்னத் துளை) நடுவில் உங்கள் கண் தானாகவே இருக்கிறதா? மேலேயோ கீழேயோ இருந்தால் கன்ன உயரம் பிழை, பக்கமாக இருந்தால் கன்னக்கட்டையின் தடிப்புப் பிழை. பிளாஸ்டிசினைக் கூட்டிக் குறைத்து, பத்துத் தடவையில் ஒன்பது தடவை நடுவில் வரும்வரை விடாதீர்கள். அப்புறம் அப்படியே 20 நிமிடம் கிடந்து பாருங்கள், கழுத்து என்ன சொல்கிறது என்று தெரியும்.

இடக்கைக்கு ஒரு விசேஷமான சிக்கல் இருக்கிறது. போல்ட் வலப்பக்கத்தில், ஸ்லிங் (ரைபிளைக் கையோடு பிணைக்கும் வார்) உங்கள் வலக்கையில். அந்தக் கை முன்னால் பூட்டிக் கிடக்கும், ஆகவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடக்கைதான் பிடியை விட்டு, மேலாகத் தாண்டி வந்து, போல்ட்டை இழுத்து, மறுபடி பிடிக்குப் போகும். ஒரு போட்டிக்கு 60 தடவை. எனவே பிடியின் வடிவம் உங்கள் கையை ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு இழுத்து வருவதாக இருக்க வேண்டும். சுட்டுவிரலின் முதல் சதைப்பகுதி ட்ரிகரில் நேராக, பின்னோக்கி மட்டும் அழுத்தும்படி விழ வேண்டும். கன்னக்கட்டை வலப்பக்கம் வருவதால் போல்ட்டின் கைப்பிடி பின்னால் வரும்போது அதில் இடிக்கும், முன்முனையைச் சரித்து வெட்டுங்கள். இன்னொன்று, கன்னம் உயரமாக இருந்தால் போல்ட்டை முழுதாக உருவி எடுக்கவும் முடியாது, சுத்தம் செய்யும் கம்பியும் உள்ளே போகாது. ஆகவே கன்னக்கட்டையைத் தனித்துண்டாகச் செய்து இரண்டு கம்பியில் ஏற்றி இறக்கும்படி வைப்பதுதான் நல்லது.

உளிச்சத்தம்

நான் மொரட்டுவைப் பக்கம், தளபாட வேலை. துப்பாக்கி பற்றி மேலே எழுதிய அண்ணாவுக்குத்தான் தெரியும், மரம் பற்றி நான் சொல்கிறேன்.

முதிரை அருமையான மரம், ஆனால் முழு ஸ்டொக்குக்கு வேண்டாம். தண்ணீரில் போட்டால் மிதக்கிறதா அமிழ்கிறதா என்று யோசிக்க வைக்கிற பாரம். இழை மாறி மாறிப் பின்னியிருப்பதால் சீவுளி ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடுங்கும். நேர்ப் பலகையில் அதைச் சமாளிக்கலாம், பிடி மாதிரி வளைவில் புதுக்கை அழுதுவிடும். அதோடு முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது, அரிப்பும் கொப்புளமும் வரும். என்னோடு வேலை செய்த ஒருவர் அதனாலேயே முதிரை வேலையை விட்டார். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

மகோகனி எடுங்கள். கொழும்பில் தாராளமாகக் கிடைக்கிறது, பாரம் அளவானது, காய்ந்த பிறகு ஆட்டம் குறைவு, உளிக்கும் மர அரத்துக்கும் நன்றாக இணங்கும். வால்நட்டைவிடக் கொஞ்சம் மென்மை, அதை ஒத்துக்கொள்கிறேன், விழுந்தால் பள்ளம் விழும். தேக்கு பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். தேக்கில் எண்ணெய்ப் பசையும் மணற்சத்தும் இருக்கிறது, உளியின் வாயைத் தின்னும், பசை பிடிப்பதும் கடினம். பலா நல்ல மரம்தான், நிறமும் வருடம் போகப்போக அழகாகும், ஆனால் நேர் இழையோடு அகலமான துண்டு கிடைப்பது அபூர்வம். கருங்காலியை யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம், அது வெட்டவே தடை உள்ள மரம்.

இனி முக்கியமான விஷயம், ஈரம். ஸ்டொக்குக்கு இரண்டரை அங்குலத் தடிப்பு வேண்டும். காற்றில் காயும் மரத்துக்கு அங்குலத்துக்கு ஒரு வருடம் என்று எங்கள் பக்கம் கணக்கு, அப்படிப் பார்த்தால் இரண்டரை வருடம். கடைக்காரர் "நன்றாகக் காய்ந்தது" என்று சொல்வதை வைத்து வாங்காதீர்கள். நானே ஒரு முறை அப்படி வாங்கி, மேசைக்கால் கடைந்து கொடுத்து, மூன்று மாதத்தில் நான்கு காலும் நான்கு பக்கம் பார்த்து நின்றன, வீட்டுக்காரர் முகத்தை இன்னும் மறக்கவில்லை. கொழும்புக் காற்றில் மரம் எவ்வளவு காய்ந்தாலும் நூற்றுக்கு 14, 15 அளவு ஈரத்தில் நின்றுவிடும், அது இந்த ஊரின் இயல்பு. அதற்கு மேல் ஈரம் இருந்தால்தான் கவலை. வாங்கிய துண்டின் இரண்டு முனைக்கும் பெயின்ட் அடித்து வைத்து, மாதம் ஒரு தடவை தராசில் நிறுத்து, திகதியோடு அதன் மேலேயே எழுதுங்கள். இரண்டு மாதம் ஒரே நிறை நின்றால் வேலை தொடங்கலாம்.

காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் அடுக்கி ஒட்டுங்கள். ஒரு அங்குலப் பலகைகள் மூன்று. மெல்லிய பலகை சீக்கிரம் காயும், ஒன்று வளையப் பார்த்தால் மற்ற இரண்டும் பிடித்து நிறுத்தும். பழைய வீடு உடைத்த இடத்து மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, 50 வருடம் காய்ந்தது, காந்தத்தை வைத்து ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வாளை வையுங்கள்.

உங்கள் அப்பாவின் பலகையை எங்கே வைக்கலாம் என்று யோசித்தேன். நடு அடுக்கில் வையுங்கள். ஸ்குரூ இரண்டும் நடு வழியாகத்தான் போகும், அந்த இறுக்கத்தைத் தாங்க முதிரை மாதிரி ஒரு மரம் இல்லை. பக்கங்கள் இரண்டும் மகோகனி. பாரமும் அடங்கும், மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு பொன்னிறக் கோடு ஓடும். ஒட்டும் முன் முதிரையின் இரண்டு முகத்தையும் புதிதாகச் சீவி, தின்னர் துணியால் துடைத்து, உடனே எபொக்சி போடுங்கள். ஒரு நாள் விட்டுவிட்டு ஒட்டினால் பிடிக்காது. இழை ஓட்டத்தைப் பார்ப்பதையும் மறக்காதீர்கள், பிடியின் கழுத்தில் இழை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் ஒரு நாள் அந்த இடத்தில்தான் முறியும்.

இடக்கை_வெள்ளவத்தை

நடு அடுக்கு யோசனைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, நன்றி அண்ணா. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அந்தப் பலகை அப்பா செட்டிகுளம் பக்கம் வேலை செய்த காலத்தில் கொண்டு வந்தது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும்.

துப்பாக்கி கிளப்பை விட்டு வராது, உறுதி. பொம்மை அக்ஷன் கடைசலுக்குக் கொடுத்துவிட்டேன்.

குழி பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. ரவுட்டரில் எடுக்கலாமா? அரல்டைட் (எபொக்சிப் பசை) ஊற்றி அக்ஷனை உட்கார வைப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தேன், அது இங்கே சரிவருமா?

கரித்தடம்

தம்பி, நான் இரண்டு ஸ்டொக் செய்திருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று கிளப்புக்கு. முதலாவதில் செய்யாத பிழை இல்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழிதான் முதலில். கட்டை சதுரமாக, நான்கு முகமும் நேராக இருக்கும்போதே நடுக்கோடு கீறி, அந்தக் கோட்டிலிருந்து மட்டும் எல்லா அளவும் எடுத்து, குழியை முடியுங்கள். வெளி வடிவம் அதற்குப் பிறகு. நான் ஆசையில் பிடியையும் அடியையும் முதலில் செதுக்கிவிட்டேன். பிறகு பார்த்தால் கட்டையை வைசில் நேராகப் பிடிக்க ஒரு தட்டையான முகம் இல்லை, குழி ஒரு பக்கம் சாய்ந்தே போனது. அந்தக் கட்டை இப்போது வீட்டில் கதவுக்கு முட்டு.

ரவுட்டரால் முரட்டு வேலையை எடுங்கள், ஆனால் இரண்டு மில்லிமீற்றர் மிச்சம் விட்டு நிறுத்துங்கள். மிச்சம் முழுவதும் கைதான். ஸ்குரூ துளை இரண்டையும் நேர்செங்குத்தாக முதலில் துளைத்து, அக்ஷனில் இரண்டு நீளமான தலையில்லாத ஸ்குரூவைப் பூட்டி, அவற்றை வழிகாட்டியாக வைத்து இறக்கினால் அக்ஷன் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இறங்கும். இரும்பின் அடியில் மெல்லியதாகக் கரி பூசி, இறக்கி, மேலே கொட்டாப்புளியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டித் தூக்குங்கள். மரத்தில் எங்கே கரி பட்டிருக்கிறதோ அந்த இடம் உயரம், அதை மட்டும் சுரண்டுங்கள். மறுபடி பூசு, இறக்கு, தூக்கு, சுரண்டு. எனக்கு அறுபது எழுபது தடவை போயிருக்கும். முதலில் மூன்று நான்கு புள்ளிதான் தெரியும், போகப்போகக் கரி பரவி, கடைசியில் குழி முழுவதும் சீராகக் கறுக்கும். அந்த நாளின் சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கரிக்கு வெளிநாட்டில் தனி மை விற்கிறார்கள். நான் கண்மை பாவித்தேன், வெள்ளவத்தையில் எந்தக் கடையிலும் கிடைக்கும் டப்பிக் கண்மை. விளக்குக் கரியும் எண்ணெயும்தானே அது, காயாது, மெல்லியதாகப் பரவும், துடைத்தால் இரும்பை விட்டுப் போய்விடும். மரத்தில் ஊறுகிற அளவுக்கு அப்பாதீர்கள், பிறகு எபொக்சி பிடிக்காது.

குழல் ஓடும் வாய்க்காலுக்கு ஒரு பிவிசி பைப்பில் சாண்ட் பேப்பர் சுற்றித் தேய்த்தேன். குழல் மரத்தில் எங்கேயும் தொடக்கூடாது. ஒரு காசுத்தாளை மடித்துக் குழலுக்குக் கீழே விட்டு அக்ஷன் வரைக்கும் தடையில்லாமல் இழுக்க முடிய வேண்டும். இந்த ஊர் ஈரத்துக்கு நான் இரண்டு மடிப்பு இடைவெளி விடுவேன். ஒக்டோபர் மழையில் மரம் ஊதும், மார்ச்சில் இறுகும். ஒரு பக்கம் தொட்டால் போதும், துளைகள் இடம் மாறிவிடும், காற்று என்று நினைத்துச் சைட்டைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

இனி அரல்டைட். ஊற்றலாம், நல்லதுதான், ஆனால் மரக்குழி ஒழுங்காக வந்த பிறகு. கரி வேலையை மிச்சம் பிடிக்க எபொக்சியை நம்பினால் அது வெறும் அடைப்பு வேலை. மெதுவாக இறுகும் வகை எடுங்கள், ஐந்து நிமிட வகை வேண்டாம், கொழும்பு வெக்கையில் கலக்கி முடிக்கும்போதே இறுகத் தொடங்கிவிடும். காலையில் வெயில் ஏறும் முன்பு செய்யுங்கள். வள்ளம் செய்கிற பைபர் ரெசினை யாராவது மலிவாகத் தந்தால் வாங்க வேண்டாம், அது பொலியெஸ்டர், இறுகும்போது சுருங்கும், நாம் தேடுவது சுருங்காத சாமான். ஸ்குரூ துளைக்குள் அலுமினியக் குழாய்த் துண்டு இரண்டு, அக்ஷனின் அடியில் தொடங்கி ஸ்டொக்கின் அடிவரை சரியான நீளத்தில் வைத்து ஒட்டுங்கள். அப்போது ஸ்குரூ இறுகுவது உலோகத்தின் மேல், மரம் நசுங்காது.

இரும்பில் எபொக்சி ஒட்டாமல் இருக்கச் செருப்புப் பொலிஷை இரண்டு தடவை பூசித் தேய்த்தால் போதும், ஸ்குரூவுக்கும் துளைக்கும்கூட. ஆனால் பொலிஷ் ஒட்டுவதை மட்டும்தான் தடுக்கும், பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. அக்ஷனில் உள்ள பள்ளம், துளை, விளிம்பு எல்லாவற்றையும் பிளாஸ்டிசினால் நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். நான் ட்ரிகருக்கு முன்னால் இருந்த ஒரு சின்னத் துளையை மறந்தேன். அடுத்த நாள் அக்ஷன் வரவில்லை. இழுத்தேன், தட்டினேன், அழுகை வந்துவிட்டது. கடைசியில் பொறுப்பாளர் ஐயா எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, கிளப் கன்டீன் டீப் பிரீசரில் ஒரு இரவு வைத்தார், காலையில் ஒரே தட்டில் கழன்றது. குளிரில் இரும்பு சுருங்கி விடுபடும் என்றார். வெளியே எடுத்த உடனே வியர்த்து ஊற்றும், துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் மத்தியானத்துக்குள் துரு.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை. இரண்டு ஸ்குரூவும் இறுகியிருக்க, குழலும் ஸ்டொக் நுனியும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் ஸ்குரூவைத் தளர்த்துங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் அக்ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்பச் செய்யுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் சரி.

எண்ணெய்க்கை

எல்லாம் நல்ல யோசனை, ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. தேக்கை இவ்வளவு ஒதுக்க வேண்டியதில்லை. என் மாமாவின் ஸ்டொக் தேக்கு, 20 வருடத்துக்கு மேல் ஒரு மயிரிழை வளையவில்லை, ஈரத்துக்கு அதைப்போல் நிற்கிற மரம் எது? உளி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம்.

பூச்சு பற்றியும் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய், லின்சீட் ஒயில் என்று கேட்டால் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயர் கடைகளில் இருக்கும். பச்சை எண்ணெய் வேண்டாம், சீக்கிரம் காயாது, மழைக்காலத்தில் அதன் மேலேயே பூஞ்சணம் பிடிக்கும். காய்ச்சிய வகை வாங்குங்கள். முதலில் 120, 180, 240, 320 என்று தேய்த்து, இடையிடையே ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், படுத்துக்கிடந்த இழைகள் எழும்பி நிற்கும், அதைத் தேய்த்து எடுத்தால்தான் பிறகு வியர்வை பட்டுச் சொரசொரப்பு வராது. எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றி ஏற்றுங்கள், மெல்லிய பூச்சு, இரண்டு நாள் இடைவெளி, எட்டுப் பத்துத் தடவை.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

உளிச்சத்தம்

தேக்கு நிற்கும், அதை மறுக்கவில்லை. உங்கள் மாமாவின் தேக்கு பழங்காலத்து முற்றிய மரமாக இருக்கும். இப்போது கடைக்கு வருவது இளம் மரம், வைரம் குறைவு, வெள்ளைப்பகுதி அதிகம். அதுவும் தம்பி அடுக்கி ஒட்டப் போகிறார், ஒட்டுக்குத் தேக்கு முரண்டு பிடிக்கும். முழுத் துண்டாகச் செய்வதென்றால் நீங்கள் சொல்வதைக் கேட்டிருப்பேன்.

எண்ணெய் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வெளியே கண்ணாடி மாதிரிப் பூசிவிட்டு உள்ளே வெறும் மரமாக விட்டுவிடுகிறார்கள். ஈரம் போகிற வழி அதுதான். குழலின் வாய்க்கால், பின்முனையில் தோளில் படும் ரப்பர் மெத்தைக்குக் கீழே மறைந்திருக்கும் முகம், ஸ்குரூ துளை, எல்லாவற்றுக்கும் பூச்சு வேண்டும். முனை இழை வெளியில் தெரியும் இடத்துக்கு இரண்டு மடங்கு. எண்ணெய் ஈரத்தை முழுதாக நிறுத்தாது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு நான் பொலியூரித்தேன் வார்னிஷ்தான் அடிப்பேன்.

கடைசி வழவழப்புக்குச் சாண்ட் பேப்பரைவிட உடைந்த கண்ணாடித் துண்டு நல்லது. அப்பாவோடு வேலை செய்தவர் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இடக்கை_வெள்ளவத்தை

ஏழு மாதத்துக்குப் பிறகு வருகிறேன், யாரும் மறந்திருக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

மாதிரி ஸ்டொக்குக்கே ஆறு வாரம் போனது. ஐம்பது_மீற்றர் அண்ணா சொன்னது சரி, என் பிரச்சினை மரத்தில் இல்லை. பழைய ஸ்டொக் எனக்கு 3 சென்ரிமீற்றர் நீளம் அதிகம், அதனால்தான் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். அதை நான்கு வருடமாக இடக்கைப் பிரச்சினை என்று நினைத்துவிட்டேன். லுணுமிதெல்லவில் வெட்டிக் குறைத்த அன்றே கழுத்து இளகியது.

மகோகனி பக்கங்கள், நடுவில் அப்பாவின் முதிரை. ஒட்டிய பிறகு இரண்டு மாதம் நிறுத்துப் பார்த்தேன், நிறை மாறவில்லை. கண்மை டப்பி மூன்று முடிந்தது கரித்தடம் அக்கா, கடைக்காரப் பெண் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஐம்பத்திரண்டாவது தடவையில் குழி முழுவதும் கறுத்தது, எண்ணிக்கொண்டே செய்தேன். ஒரு இடத்தில், ட்ரிகர் பெட்டியின் இடச்சுவரில், உளி ஒரு மில்லிமீற்றர் கூடுதலாகப் போய்விட்டது. எபொக்சி அதை நிரப்பியது, ஆனால் எனக்குத் தெரியும் அது எங்கே என்று. அலுமினியக் குழாயும் வைத்தேன். விரல் சோதனையில் அசைவு எதுவும் தெரியவில்லை.

முதிரைத் தூள் விஷயத்தில் உளிச்சத்தம் அண்ணா எச்சரித்தது நல்லதாகப் போயிற்று. ஒரு நாள் வெக்கை தாங்காமல் முழுக்கைச் சட்டையைக் கழற்றினேன், இரண்டு முழங்கையிலும் ஒரு வாரம் அரிப்பு.

இப்போது ரைபிள் மொத்தமாக 5.6 கிலோ. எண்ணெய் ஏழு பூச்சு ஏறிவிட்டது. வலப்பக்கக் கன்னக்கட்டை கம்பியில் ஏறி இறங்குகிறது, போல்ட் தொடாமல் வந்து போகிறது. போன ஞாயிறு 60 சூடும் சுட்டேன், கடைசிப் பத்தும் முதல் பத்தும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தன. பொறுப்பாளர் ஐயா இலக்குத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்டொக்கை வாங்கி, நடுவில் ஓடும் மஞ்சள் கோட்டை விரலால் தடவி, இது என்ன மரம் என்று கேட்டார்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். பிடியில் வியர்வைக்கு வழுக்குகிறது. சதுரக் கீறல் (கை வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு வெட்டுவது) போடப் பழகலாம் என்று நினைக்கிறேன், அங்குலத்துக்கு 18 கோடு என்று தொடங்கினால் புதுக்கைக்குச் சரியா, இல்லை முதலில் மிச்சமுள்ள மகோகனித் துண்டில் சில மாதம் பழக வேண்டுமா?

கரித்தடம்

18 சரி, அதைவிட நெருக்கமாகத் தொடங்க வேண்டாம், மகோகனியின் மென்மைக்குக் கோடுகளுக்கு இடையில் வரும் சின்ன முனைகள் உதிர்ந்துவிடும். துண்டில் பழகுங்கள், அதுவும் தட்டையான துண்டில் இல்லை, பிடி மாதிரியே உருட்டிச் செதுக்கிய துண்டில். முதல் இரண்டு கோடும் கோணலாகப் போனால் மற்ற எல்லாம் அதன் பின்னால் போகும், எனவே அந்த இரண்டையும் பென்சிலால் கீறி, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை வளைத்து வைத்து அதன் ஓரமாக வெட்டுங்கள். முடிந்ததும் படம் போடுங்கள், அந்தக் கோடு தெரிகிற மாதிரி மேலிருந்து எடுத்தது.